எளிய குறியேற்ற உரையும் தமிழ்ப் பதிப்பமைப்பும்

1. முன்னுரை

எழுத்து வடிவம் பெற்ற எந்தப் பனுவலிலும் இருவகைச் செய்திகள் பதிவாகின்றன. சொற்களும் தொடர்களும் தரும் செய்தி ஒன்று. அச்சொற்கள் தலைப்பா, மேற்கோளா, செய்யுளடியா, அடிக்குறிப்பா என்பதைக் காட்டும் அமைப்புச் செய்தி மற்றொன்று. ஓலைச்சுவடிகளில் இரண்டாம் வகைச் செய்தி மிகக் குறைவாகவே காணப்படுகிறது. புள்ளி இல்லை, அடிப்பிரிப்பு இல்லை, மூலமும் உரையும் ஒரே ஓட்டமாகச் செல்வதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர், சி.வை. தாமோதரம்பிள்ளை, உ.வே. சாமிநாதையர் ஆகியோர் மேற்கொண்ட பதிப்புப் பணியில் பெரும்பகுதி இவ்வமைப்புச் செய்தியை மீட்டுத் தருவதாகவே இருந்தது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து வெளியிட்ட மலிவுப் பதிப்புகள் அப்பணியின் அடுத்த படியாகும்.

கணிப்பொறியில் பதிப்பிக்கும்போது இதே பணி 'குறியேற்றம்' என்னும் பெயரைப் பெறுகிறது. உரையின் பகுதிகள் இன்னின்ன என்று உரைக்குள்ளேயே குறிகள் இட்டுக் காட்டுவது குறியேற்றம். அக்குறிகள் எளியனவாகவும், கணிப்பொறியின் துணையின்றியே மனிதர் படிக்கத்தக்கனவாகவும் அமையும்போது அவ்வுரையை 'எளிய குறியேற்ற உரை' எனலாம். இத்தகைய உரையை அடிப்படையாகக் கொண்டு ஒரு பதிப்பமைப்பை உருவாக்கும் முறையையும், அம்முறையின் விதிகள் தமிழ் எழுத்தமைப்போடும் சொல்லமைப்போடும் எங்கெங்கு முரண்படுகின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. பெங்களூரில் நிகழ்ந்த சில முயற்சிகள் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

2. குறியேற்றத்தின் வரலாறு

தோற்றத்தையும் அமைப்பையும் பிரித்துக் காணும் கருத்து 1960களின் இறுதியில் உருப்பெற்றது. ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப் முதலிய மூவர் 1969இல் ஜி.எம்.எல். என்னும் குறிமொழியை வகுத்தனர். அதன் வழியில் எஸ்.ஜி.எம்.எல். 1986இல் பன்னாட்டுத் தரமாயிற்று. வலைப்பக்கங்களுக்குரிய எச்.டி.எம்.எல். மொழியும், 1998இல் பரிந்துரை நிலையை எட்டிய எக்ஸ்.எம்.எல். மொழியும் இம்மரபினவே. இலக்கியப் பனுவல்களுக்கென 1987இல் தொடங்கப்பட்ட பனுவல் குறியேற்ற முன்முயற்சி, அதாவது டி.ஈ.ஐ., பாடவேறுபாடு முதல் சுவடிச் சிதைவு வரை அனைத்தையும் குறிக்கும் விரிவான நெறிமுறைகளை வகுத்துள்ளது.

இம்மொழிகள் ஆற்றல் மிக்கன. ஆயினும் கையால் எழுதுவதற்கு அரியன. ஒரு பத்தியை எழுதுவோர் அதன் தொடக்கத்திலும் முடிவிலும் ஒட்டுகள் இட வேண்டும். எக்ஸ்.எம்.எல். மொழியில் ஓர் ஒட்டு விடுபடினும் உரை முழுதும் பிழையாகும். இச்சுமையைக் குறைக்க எழுந்தனவே எளிய குறியேற்ற முறைகள். 1990களின் தொடக்கத்தில் அயன் ஃபெல்ட்மன் வகுத்த செட்டெக்ஸ்ட், மின்னஞ்சலில் மக்கள் தாமாகவே கைக்கொண்டிருந்த வழக்கங்களை விதியாக்கிற்று. தலைப்பின்கீழ் கோடிடுவதும், அழுத்தம் பெறும் சொல்லை உடுக்குறிகளுக்கிடையே வைப்பதும் அவ்வழக்கங்களுள் சில. 1995இல் வார்டு கன்னிங்ஹாம் உருவாக்கிய முதல் விக்கி, பலர் கூடி ஓர் உரையைத் திருத்துவதற்கு எளிய குறிகளைப் பயன்படுத்தியது. 2004இல் ஜான் குரூபர், ஆரன் ஸ்வார்ட்சின் துணையுடன் மார்க்டவுன் முறையை வெளியிட்டார்.

மார்க்டவுனின் முதல் விளக்கவுரை பல இடங்களில் இருபொருட்பட அமைந்திருந்தமையால், ஒரே உரை வெவ்வேறு நிரல்களில் வெவ்வேறு வடிவம் பெற்றது. இக்குறையை நீக்க ஜான் மெக்ஃபார்லேன் உள்ளிட்ட சிலர் 2014இல் காமன்மார்க் என்னும் திட்டமான இலக்கணத்தை வெளியிட்டனர். மெக்ஃபார்லேன் மெய்யியல் பேராசிரியர் என்பதும், பல குறிமொழிகளுக்கிடையே உரையை மாற்றித் தரும் பான்டாக் நிரலை 2006இல் உருவாக்கியவர் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

3. பதிப்பமைப்பின் உறுப்புகள்

எளிய குறியேற்ற உரையை மையமாகக் கொண்ட பதிப்பமைப்பு ஐந்து உறுப்புகளை உடையது.

முதலாவது மூலக்கோப்பு. ஒரு கட்டுரைக்கு ஒரு கோப்பு என அமைவது வழக்கம். எந்தக் கணிப்பொறியிலும், எந்த எளிய தொகுப்பானிலும் இதனைத் திறக்கலாம். இரண்டாவது தலைக்குறிப்பு. தலைப்பு, ஆசிரியர், நாள், பொருட்சொற்கள் ஆகியன கோப்பின் தொடக்கத்தில் தனிப்பகுதியாக எழுதப்படும். நூலகப் பட்டியலட்டையின் பணியை இது செய்கிறது. மூன்றாவது பகுப்பி. இது மூலத்தைப் படித்துத் தலைப்பு, பத்தி, பட்டியல், மேற்கோள் ஆகியவற்றைக் கணுக்களாகக் கொண்ட ஒரு மர அமைப்பை உருவாக்குகிறது. தொடரியலார் வரையும் கிளைப்படத்தோடு இதனை ஒப்பிடலாம். நான்காவது வார்ப்புரு. மர அமைப்பின் ஒவ்வொரு கணுவும் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதையும், பக்கத்தின் தலைப்பகுதி, அட்டவணை போன்றவற்றையும் அது வரையறுக்கிறது. ஐந்தாவது மாற்றப் பதிவேடு. யார், எப்போது, எவ்வரியைத் திருத்தினர் என்பது அதில் நிலைபெறும். விக்கி அமைப்புகள் இதனைத் தம்முள் கொண்டுள்ளன. தனிக்கோப்புகளுக்கு 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் பெரிதும் பயன்படுகிறது.

இவ்வமைப்பின் பயன் ஒன்றே மூலம், பலவே வடிவம் என்பதாகும். ஒரே கோப்பிலிருந்து வலைப்பக்கமும், அச்சுக்குரிய பக்கமும், மின்னூலும் பெறலாம். ஒரு பிழை திருத்தப்பட்டால் அது எல்லா வடிவங்களிலும் திருந்தும்.

தமிழைப் பொறுத்தவரை இதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் அவ்வெழுத்துருக்களைக் கொண்டு அமைக்கப்பட்ட நூற்கோப்புகள், அம்மென்பொருளும் எழுத்துருவும் இல்லாத இடத்தில் பொருளற்ற குறிகளின் தொகுதியாகவே தோன்றும். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் தன் பனுவல்களை டிஸ்கி முறையிலும் பின்னர் ஒருங்குறியிலும் வழங்க முடிந்ததற்குக் காரணம், அவை தோற்றத்தைச் சாராத உரைகளாக இருந்தமையே. உரை தோற்றத்திலிருந்து பிரிந்து நிற்பது வசதிக்காக மட்டுமன்று. உரையின் ஆயுள் அதனைச் சார்ந்துள்ளது.

4. பெங்களூரில் மூன்று முயற்சிகள்

4.1 சிம்ப்யூட்டர்

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தினரும் இணைந்து சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணிப்பொறியை வடிவமைத்தனர். 2001 ஏப்ரலில் அதன் முன்மாதிரி வெளியிடப்பட்டது. எழுத்தறிவு குன்றியோரும் தம் மொழியில் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கமாதலின், எக்ஸ்.எம்.எல். அடிப்படையில் தகவல் குறிமொழி என்னும் தனிமொழி ஒன்றும் வகுக்கப்பட்டது. கருத்து உயர்ந்தது, வடிவமைப்பும் கவனத்தோடு செய்யப்பட்டது. ஆயினும் கருவி பரவலான வணிக வெற்றி பெறவில்லை. தனக்கெனத் தனிக்காட்டியை வேண்டும் குறிமொழி, அக்காட்டியைத் தாங்கும் கருவி பரவினாலன்றிப் பரவாது என்பது இதிலிருந்து பெறப்படும் படிப்பினை. எளிய குறியேற்ற உரையோ காட்டி எதுவும் இல்லாத நிலையிலும் படிக்கத்தக்கதாக எஞ்சி நிற்கும்.

4.2 ஸ்டோரிவீவர்

பெங்களூரிலிருந்து இயங்கும் பிரதம் புக்ஸ், 2015 செப்டம்பரில் ஸ்டோரிவீவர் என்னும் சிறுவர் நூல் தளத்தைத் தொடங்கியது. படங்களும் உரையும் திறந்த உரிமத்தில் வழங்கப்படுகின்றன, விரும்புவோர் மொழிபெயர்க்கலாம். இங்கு மொழிபெயர்ப்பாளர் பக்க வடிவமைப்பில் தலையிட வேண்டியதில்லை. படம் நிலையாக நிற்க, உரை மட்டும் மாற்றப்படுகிறது. இது முழுமையான குறியேற்ற முறை அன்று. ஆனால் உரையையும் தோற்றத்தையும் பிரித்தால் மொழிபெயர்ப்பு எவ்வளவு எளிதாகும் என்பதற்குச் சான்றாகும்.

4.3 விக்கிமூலம்

2008இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம், 2012இல் அறிவணுக்கத் திட்டம் ஒன்றின்வழி இந்திய மொழி விக்கித் திட்டங்களுக்குத் துணைநிற்கும் பணியை ஏற்றது. அத்திட்டங்களுள் பதிப்புத்துறைக்கு மிக நெருக்கமானது விக்கிமூலம். எளிய குறியேற்ற உரையின்மீது எழுப்பப்பட்ட பதிப்பமைப்பு ஒன்றை இந்திய மொழிகளில் நடைமுறையில் காண விரும்புவோர் இதனையே முதலில் நோக்க வேண்டும்.

தமிழ் விக்கிமூலத்தில் 2010களின் நடுப்பகுதியில், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாகக் கிடைத்த நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை ஏற்றப்பட்டன. அச்சுப் பக்கத்தின் நிழற்படம் ஒருபுறமும், எழுத்துணரி தந்த உரை மறுபுறமுமாகத் தோன்றும். மெய்ப்புப் பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிட்டு உரையைத் திருத்தி, எளிய குறிகளால் தலைப்பு, செய்யுள், அடிக்குறிப்பு ஆகியவற்றைக் காட்டுவார். மெய்ப்புப் பார்க்கப்படாதது, சிக்கலானது, மெய்ப்புப் பார்க்கப்பட்டது, சரிபார்க்கப்பட்டது என ஒவ்வொரு பக்கமும் ஒரு நிலையைப் பெறும்; எழுத்தற்ற பக்கத்துக்குத் தனி நிலை உண்டு. ஒருவர் மெய்ப்புப் பார்த்ததை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. பின்னர்ப் பக்கங்கள் ஒரே கட்டளையால் இயலாகவும் நூலாகவும் தொகுக்கப்படுகின்றன. பக்கம் அச்சுப் பதிப்புக்கு உரியது. இயல் நூலுக்கு உரியது. இரண்டையும் ஒரே மூலத்தில் காப்பது இவ்வமைப்பின் சிறப்பு.

5. தமிழ் எழுத்தமைப்பும் குறியேற்ற விதிகளும்

எளிய குறியேற்ற முறைகள் எம்மொழிக்கும் பொதுவானவை என்னும் எண்ணம் நிலவுகிறது. உண்மையில் இவை ஆங்கில மின்னஞ்சல் வழக்கிலிருந்து பிறந்தவை. அம்மொழியின் எழுத்துமுறை பற்றிய முற்கோள்கள் விதிகளுக்குள் மறைந்துள்ளன. தமிழில் பதிப்பிப்போர் அவற்றை இனங்காண வேண்டும்.

5.1 அடியும் வரியும்

மார்க்டவுன் முறையில் ஒரு பத்திக்குள் வரும் தனி வரிமுறிவு இடைவெளியாகவே கொள்ளப்படும். உரைநடைக்கு இது பொருந்தும். செய்யுளுக்கு இது கேடு விளைவிக்கும். ஒரு குறட்பாவை இரு வரிகளில் எழுதினால், முதலடியின் நான்கு சீர்களும் இரண்டாமடியின் மூன்று சீர்களும் ஒரே ஓட்டமாகச் சேர்ந்து, திரையின் அகலத்துக்கேற்பக் கண்டவிடத்தில் மடங்கும். முதல் வரியின் இறுதியில் இரண்டு இடைவெளிகள் விட்டால் முறிவு நிலைக்கும் என்பது விதி. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத குறியை மெய்ப்புப் பார்ப்பவர் சரிபார்க்க இயலாது. வரியிறுதி இடைவெளிகளைத் தாமாகவே நீக்கும் தொகுப்பான்களும் உள. காமன்மார்க்கில் வரியிறுதியில் பின்சாய்கோடு இடலாம். பான்டாக்கில் ஒவ்வோர் அடியின் முன்னும் நிலைக்கோடு இட்டு அடித்தொகுதியாக்கலாம். விக்கிமூலத்தில் செய்யுளுக்கெனத் தனி ஒட்டு உண்டு.

உரைநடையில் வரி என்பது தட்டச்சு செய்பவர்க்கு உரியது. செய்யுளில் அடி என்பது ஆசிரியர்க்கு உரியது. இவ்வேறுபாட்டைப் பதிப்பாசிரியர் மூலக்கோப்பிலேயே வெளிப்படக் காட்டுதல் வேண்டும்.

5.2 எண்கள்

எண்ணும் புள்ளியும் இடைவெளியும் கொண்டு வரி தொடங்கினால் அது எண்ணிட்ட பட்டியலின் உறுப்பாகக் கொள்ளப்படும். பட்டியலின் முதலெண் மட்டுமே மதிக்கப்படும். ஏனைய எண்களைப் பகுப்பி தானே வரிசையாக இடும். 1, 50, 391 என்னும் எண்களையுடைய குறட்பாக்களைத் தொகுத்து அவ்வாறே எண்ணிட்டு எழுதினால், வெளிவரும் பக்கத்தில் அவை 1, 2, 3 என மாறிவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. மூலக்கோப்பும் சரியாகவே இருக்கும். பாட்டெண்ணே மேற்கோளுக்கு முகவரியாக விளங்கும் தமிழ் இலக்கிய ஆய்வில் இது சிறு பிழை அன்று. எண்ணுக்குப் பின்வரும் புள்ளியின்முன் பின்சாய்கோடு இடுவது ஒரு தீர்வு. எண்ணைப் பாட்டின் இறுதியில் பிறை அடைப்புக்குள் இடும் பழைய அச்சு மரபைப் பின்பற்றுவது இதனினும் நல்ல தீர்வாகும்.

5.3 உடுக்குறி

மொழியியலார் மீட்டுருவாக்க வடிவங்களின் முன்னும், இலக்கண வழுவுடைய தொடர்களின் முன்னும் உடுக்குறி இடுவர். மார்க்டவுனில் அதுவே அழுத்தத்தைக் குறிக்கும். தொல்திராவிட வடிவம் ஒன்றின்முன் உடுக்குறி வந்து, அதே பத்தியில் வேறொரு சொல்லின் இறுதியில் அடிக்குறிப்புக்காக மற்றோர் உடுக்குறி வந்தால், இரண்டும் மறைந்து இடைப்பட்ட பகுதி முழுதும் சாய்வெழுத்தாகும். மீட்டுருவாக்க வடிவம் உறுதிப்பட்ட வடிவம்போலத் தோன்றும். வழுத்தொடர் வழுவற்ற தொடராகத் தோன்றும். கருத்தே தலைகீழாக மாறும் இடம் இது. மொழியியல் கட்டுரைகளில் இத்தகைய உடுக்குறி ஒவ்வொன்றின் முன்னும் பின்சாய்கோடு இடுவதைப் பதிப்பு விதியாகவே கொள்ளலாம்.

5.4 சொல்லும் உருபும்

ஆங்கிலத்தில் குறியேற்றம் பெறும் அலகு பெரும்பாலும் இடைவெளிகளுக்கிடையே நிற்கும் சொல். தமிழிலோ வேற்றுமையுருபும் பன்மை விகுதியும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டி வரும். ஒட்டும் முறை இருவகைப்படும்.

மெய்யில் தொடங்கும் ஒட்டுகள் பல இடங்களில் சொல்லின் எழுத்துவடிவை மாற்றுவதில்லை. 'நூல்', 'கள்' இரண்டும் சேர்ந்து 'நூல்கள்' என நிற்கும்போது 'நூல்' சிதையாமல் உள்ளது. எனவே நூல்கள் என இரட்டை உடுக்குறிக்குள் பகுதியை மட்டும் அடைக்கலாம். விக்கியில் [[நூல்]]கள் என எழுதினால், அடைப்புக்கு வெளியே நிற்கும் எழுத்துகளும் இணைப்போடு சேரும். தமிழெழுத்துகளை இவ்வாறு ஏற்கும் விதி மீடியாவிக்கியின் தமிழ் அமைப்பில் உள்ளது. [[பூ]]க்கள் என்பதும் இவ்வகையினதே.

உயிரில் தொடங்கும் ஒட்டுகள் இவ்வாறு அல்ல. 'நூல்' என்பதோடு 'ஐ' சேர்ந்தால் 'நூலை' ஆகும். புள்ளி நீங்கி லகரம் ஐகாரத்தைத் தாங்குகிறது. உருபன் எல்லை இங்கு ஓர் உயிர்மெய் எழுத்தின் நடுவே விழுகிறது. அவ்விடத்தில் குறியிட்டால் உயிர்க்குறி தான் சார்ந்து நிற்கும் மெய்யை இழந்து வெற்று வட்டத்தின்மேல் தொங்கும். 'சிலப்பதிகாரத்தில்' என்பதில் பெயரே சாரியை ஏற்றுத் திரிகிறது. ஆதலின் [[சிலப்பதிகாரம்|சிலப்பதிகாரத்தில்]] என முகவரியும் தோன்றும் வடிவும் தனித்தனியே தரப்பட வேண்டும். நன்னூலார் விரித்துரைத்த புணர்ச்சி விதிகளை அறியாத பகுப்பி, தானே இதனைச் செய்ய இயலாது.

காமன்மார்க்கில் மற்றொரு நுட்பமும் கருதத்தக்கது. மூடும் குறிக்கு முன் நிறுத்தக்குறியும் பின் எழுத்தும் வரின் அது மூடும் குறியாகக் கொள்ளப்படாது. “நூல்”கள் என எழுதினால் உடுக்குறிகள் அப்படியே பக்கத்தில் தோன்றும். மேற்கோள் குறிகளை வெளியே நிறுத்தி “நூல்”கள் என எழுதினால் சிக்கல் இல்லை. அடிக்கோட்டுக் குறியோ சொல்லின் நடுவே மூடுவதற்கு எவ்வகையிலும் இடந்தராது. ஆகவே தமிழில் அழுத்தத்துக்கு உடுக்குறியையே கொள்வது தகும்.

வார்ப்புருக்களிலும் இச்சிக்கல் எழுகிறது. ஆசிரியர் பெயருக்குப்பின் 'இன் கட்டுரைகள்' எனச் சேர்க்கும் வார்ப்புரு, 'கலா' என்னும் பெயரை ஏற்றால் 'கலாஇன் கட்டுரைகள்' என்று காட்டும். உடம்படுமெய் பெற்று 'கலாவின்' என வர வேண்டியதை நிரல் அறியாது. பெயர் திரிபடையாத வகையில் 'ஆசிரியர்: கலா' என வார்ப்புருவையே மாற்றி எழுதுதல் இயல்பான வழியாகும். புணர்ச்சியை நிரலாக்குவதினும் புணர்ச்சி நேராத தொடரைத் தேர்வது எளிது.

5.5 முகவரிச் சொல்

பதிப்பமைப்புகள் பலவும் கட்டுரைத் தலைப்பிலிருந்து வலைமுகவரியைத் தாமே ஆக்குகின்றன. எழுத்தும் எண்ணும் அல்லாதவற்றை நீக்குவது அதற்குரிய படிகளுள் ஒன்று. ஒருங்குறியில் தமிழ் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து என்னும் வகையில் அல்லாமல் குறி என்னும் வகையில் அடங்கும். பைத்தான் மொழியோடு இயல்பாக வரும் வடிவத்தேடல் கருவி, இக்குறிகளைச் சொல்லின் உறுப்பாகக் கொள்வதில்லை. விளைவாக 'தமிழ்' என்பது 'தமழ' ஆகிறது. கல், கால், கலை, கூலி, கேலி ஆகிய ஐந்தும் 'கல' என்னும் ஒரே முகவரியைப் பெறுகின்றன. பொருள் வேறுபடுத்தும் ஒலியன்களைக் காட்டும் குறிகளே களையப்படுகின்றன என்பதை மொழியியலார்க்கு விளக்க வேண்டியதில்லை. சொல்லுக்குள் வரும் குறிகளையும் எழுத்தாகவே கொள்ள வேண்டும் என ஒருங்குறி அமைப்பின் 18ஆம் தொழில்நுட்பத் தரம் பரிந்துரைத்துள்ளது. ஆயினும் எல்லா நிரல்மொழிகளும் அதனைப் பின்பற்றுவதில்லை.

உயிர்க்குறிகளைக் காத்தாலும் மற்றொரு தொல்லை உண்டு. ஒருங்குறி முகவரி சில இடங்களில் விழுக்காட்டுக் குறியீடாக மாற்றி எழுதப்படுகிறது. ஐந்து குறியீட்டிடங்களைக் கொண்ட 'தமிழ்' என்னும் சொல் அப்போது 45 எழுத்து நீளமாகும். நீண்ட தலைப்புகளுக்கு இது ஏற்புடையதன்று. கட்டுரைக்கு நிலையான எண் ஒன்றைத் தந்து, தலைப்பைத் தனியே காப்பது பாதுகாப்பானது. மதுரைத் திட்டம் ஒவ்வொரு பனுவலுக்கும் தொடரெண் இட்டுள்ளமை இங்கு நினைக்கத்தக்கது.

5.6 அழுத்தமும் சாய்வெழுத்தும்

சாய்வெழுத்து உரோமன் அச்சு மரபில் தோன்றியது. தமிழ் எழுத்துகளைச் சாய்த்து அச்சிடுவது பிற்காலப் பழக்கம். படிப்பதற்கும் அது இடையூறாகிறது. எளிய குறியேற்றத்தில் ஒற்றை உடுக்குறி உணர்த்துவது அழுத்தமேயன்றிச் சாய்வு அன்று. அவ்வழுத்தத்தைத் தடித்த எழுத்தாகவோ ஒற்றை மேற்கோளாகவோ காட்டுமாறு வார்ப்புருவில் ஒரு முறை வரையறுத்தால் போதும். தோற்றம் மூலத்தைச் சாராது என்னும் கொள்கையின் நேரடிப் பயன் இது.

6. மொழிபெயர்ப்பாளர் நோக்கில்

வரிமுறிவு இடைவெளியாகும் என்னும் விதி செய்யுளுக்குக் கேடாயினும் உரைநடை மொழிபெயர்ப்புக்கு நலம் பயக்கிறது. ஒவ்வொரு தொடரையும் தனி வரியில் தொடங்குமாறு பிரையன் கெர்னிகன் 1974இலேயே அறிவுறுத்தினார். அவ்வாறு எழுதப்பட்ட மூலத்தில் தொடருக்குத் தொடர் நேர்நிறுத்தி மொழிபெயர்க்கலாம். மூலத்தில் ஒரு தொடர் பின்னர்த் திருத்தப்பட்டால், மாற்றப் பதிவேடு அவ்வரியை மட்டும் காட்டும். மொழிபெயர்ப்பில் எங்கே திருத்த வேண்டும் என்பது உடனே புலனாகும். சொற்களுக்கிடையே இடைவெளி விடாத சீனம், சப்பானியம், தாய் போன்ற மொழிகளில் வரிகள் இணையும்போது வேண்டாத இடைவெளி புகுந்துவிடும். தமிழில் அக்குறை இல்லை.

இவ்வொப்பீடு பயன்தர வேண்டுமானால் எழுத்துக்குறியீடு சீர்மைப்பட வேண்டும். ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக்குறி, காற்குறி என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வரிகளை ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு. ஒளகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்யும் வழக்கமும் தேடலைக் கெடுக்கிறது. முன்னதை ஒருங்குறியின் இயல்பாக்க விதி நீக்கும். பின்னதை மெய்ப்புப் பார்ப்பவரே நீக்க வேண்டும்.

மூலத்தில் எத்தனை குறிகள் உள்ளனவோ அத்தனையும் பெயர்ப்பில் இருக்க வேண்டும் எனச் சில மொழிபெயர்ப்புக் கருவிகள் சோதிக்கின்றன. ஆங்கிலம் சாய்வெழுத்தால் உணர்த்தும் அழுத்தத்தைத் தமிழ் ஏகாரத்தாலோ, 'தான்' என்னும் இடைச்சொல்லாலோ, சொல்வரிசையாலோ உணர்த்துகிறது. அங்கு குறியை விடுவதே சரியான பெயர்ப்பு. அதனைப் பிழையெனக் காட்டும் கருவிக்குப் பணிந்து, இடைச்சொல்லையும் எழுதிக் குறியையும் இடுவது கூறியது கூறலாகும்.

7. எல்லைகள்

எளிய குறியேற்றம் எல்லாப் பனுவலுக்கும் போதுமானதன்று. ஓரடியில் மூன்று பாடவேறுபாடுகளும், அவை காணப்படும் சுவடிகளும், உரையாசிரியர் கொண்ட பாடமும் காட்டப்பட வேண்டுமாயின் டி.ஈ.ஐ. போன்ற விரிவான முறையே தகும். அடிக்குறிப்பாக இவற்றை எழுதலாம், மனிதர் படித்தறியலாம். ஆனால் எப்பாடம் எச்சுவடிக்கு உரியது எனக் கணிப்பொறி தொகுத்துக் கூற இயலாது. ஒவ்வொரு நிரலும் தனக்கென விரிவுகளைச் சேர்ப்பதால் எளிமை குன்றுவதும் உண்டு. அடிக்குறிப்பு, அட்டவணை ஆகியன காமன்மார்க்கின் மைய இலக்கணத்தில் இல்லை. அவற்றுக்கு நிரல்தோறும் வழக்கு வேறுபடுகிறது. எனவே ஒரு பதிப்பகமோ ஆய்விதழோ இம்முறையை ஏற்கும்போது, எந்த இலக்கணத்தை, எந்த விரிவுகளோடு ஏற்கிறது என்பதை எழுதிவைத்தல் இன்றியமையாதது.

8. முடிவுரை

எளிய குறியேற்ற உரை, தமிழ்ப் பனுவல்களை எழுத்துருவின் பிடியிலிருந்தும் மென்பொருளின் பிடியிலிருந்தும் விடுவிக்கும் வழியாகும். ஆனால் அதன் விதிகள் தமிழ்க்கென வகுக்கப்பட்டவை அல்ல. செய்யுளடியை வெளிப்படக் காட்டுதல், பாட்டெண்ணைப் பட்டியலெண்ணாகத் திரியவிடாமை, ஆய்வுக்குரிய உடுக்குறியைக் காத்தல், உருபு ஏற்ற வடிவையும் பெயரையும் பிரித்துத் தருதல், முகவரிக்கு நிலையான எண் இடுதல், குறியீட்டைச் சீர்மைப்படுத்துதல் ஆகிய ஆறும் தமிழ்ப் பதிப்பமைப்பு ஒன்றின் குறைந்த அளவுத் தேவைகள் எனலாம். இவை எதற்கும் புதிய குறிமொழி வேண்டியதில்லை; பதிப்பு விதிகளும் வார்ப்புருவும் போதும்.

இவ்விதிகளை வகுப்பது நிரலாளர் ஒருவரால் இயலும் பணி அன்று. 'நூலை' என்னும் சொல்லில் எல்லை எங்கே விழுகிறது, 'கல்' என்பதும் 'கால்' என்பதும் ஏன் ஒன்றாகக் கூடாது என்று சொல்ல வேண்டியவர் மொழியியலார். அடி எது, வரி எது என்று சொல்ல வேண்டியவர் பதிப்பாசிரியர். சுவடியிலிருந்து அச்சுக்குத் தமிழ் வந்தபோது அப்பணியைப் புலவர்கள் ஏற்றனர். அச்சிலிருந்து மின்னுரைக்கு வரும்போதும் அப்பணி புலமையுடையோரிடமே உள்ளது.